வார்ஸாவில் கற்ற பாடம்

2015 ஏப்ரல் 18-ந் தேதி, போலந்தின் தலைநகராகிய வார்ஸாவில் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தைக் காண 50,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் திரண்டிருந்தனர். தேசிய விளையாட்டரங்கில் தற்காலிகமாகப் பரப்பிய மண்பாதை கெட்டது. புறப்பாட்டுக் கயிறும் பழுதாயிற்று. 12 ஓட்டங்களுடன் பந்தயம் நின்றது.

பிரேக்கே இல்லாத வண்டிகளில் நால்வர் ஒருங்கே பாய்ந்து, மண்ணில் சறுக்கியே வளைவைக் கடக்கும் ஆட்டம் இது. பாதை கெட்டால் உயிருக்கே அபாயம். மேலும் ஓட்ட மறுத்த வீரர்களைக் குறைகூறுவது அநியாயம். ஏமாந்து திரும்பிய ஜனங்களின் கோபமும் நியாயமே. குற்றம் முன்னேற்பாட்டில் தவறியவர்களையே சாரும்.

2016-ல் அதே அரங்கில் பந்தயம் முற்றுப்பெற்றது. ஆகவே அது அசாத்தியமான காரியமன்று. டிக்கெட் விற்குமுன் பாதையைச் செம்மை செய்க! அரங்கின் ஆடம்பரம் அதற்கு ஈடாகாது.