கந்தைக்கும் ஒரு பெயர் உண்டு

கடலாடிப் பக்கம் பனையோலைப் பெட்டி முடைகிற ஒரு பெண்ணிடம், 'அக்கா, நீங்க ஆர்ட்டிஸ்ட்டா?' என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். சென்னையில் ஒரு கலை விமர்சகரிடம், 'அந்த அக்கா ஆர்ட்டிஸ்ட்டா?' என்று கேளுங்கள். முறைப்பார். அந்தச் சிரிப்புக்கும் இந்த முறைப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது விவகாரம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு கிராமம். அடிமைகளின் வம்சாவளியில் வந்த கறுப்பினப் பெண்கள், நைந்துபோன வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006-ல் தபால்தலையிலேயே ஏறின. 2014-ல் மெட்ரோபாலிடன் மியூசியம் 20 போர்வைகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

'போர்த்திக்கொள்ளத் தைத்ததெல்லாம் கலையா சார்?' என்பீர்கள். எழும்பூர் மியூசியத்தில் நாம் வாய்பிளந்து பார்க்கிற திருவாலங்காட்டு நடராஜரை எதற்கு வார்த்தார்கள்? கண்காட்சிக்கா? கும்பிடத்தானே! உபயோகம் இருந்தால் கலை இல்லை என்றால், முதலில் அவரையல்லவா வெளியே அனுப்ப வேண்டும்?

பழம்புடவையில் தைக்கும் போர்வைக்கு வங்காளத்தில் 'காந்தா' என்று பெயர். நம்ம 'கந்தை'க்கு ஒன்றுவிட்ட சகோதரி. கொல்கத்தா குருசதய் மியூசியத்தின் சேகரிப்பில் 19-ம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று உண்டு. அப்பாவுக்காக அதைத் தைத்த மானதாசுந்தரி, தன் பெயரையும் ஊசியாலேயே எழுதிவிட்டார். கெட்டிக்காரி! அதனால் பெயர் பிழைத்தது.

நம்ம ஊரில்? பெட்டி கண்காட்சிக்கு வந்தால், பெரும்பாலும் 'கிராமியக் கைவினை, ராமநாதபுரம் மாவட்டம்' என்று ஓர் அட்டை. ஓலைக்கு மாவட்டம் உண்டு. முடைந்தவருக்குப் பெயர் கிடையாது. நான் காமர்ஸ் படித்தவன். சரக்கு வரவில் இருக்கிறது, கொடுத்தவர் பெயர் மட்டும் இல்லை என்றால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். மியூசியத்துக்கு மட்டும் தனிச் சட்டமா?

பெயர் போட்டால் வயிறு நிறையுமா என்றால், நிறையாதுதான். கீஸ் பெண்ட் பெண்கள் சிலரே பணம், உரிமை விஷயமாக 2007-ல் கோர்ட்டுக்குப் போனார்கள், 2008-ல்தான் தீர்ந்தது. ஆனால், இது இன்னார் தைத்தது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. பெயரே இல்லாதவர் எதைக் காட்டி உரிமை கேட்பார்?

ஆகவே, மியூசியம் அதிகாரிகளே! அடுத்த முறை ஜீப்பில் வந்து பெட்டி வாங்கும்போது விலையோடு பெயரையும் கேளுங்கள். இனிஷியலோடு எழுதிக்கொள்ளுங்கள்.