தொண்டை வலிதானே என்று விட்டுவிடாதீர்கள்!

பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் நம் தோட்டங்களில் யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரம். "அம்மா, எச்சில் முழுங்க முடியலே" என்று பிள்ளை சொல்லும். தாய் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வாள். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். கடையில் இரண்டு காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுப்பாள். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பிள்ளை பந்து விளையாடப் போய்விடும். அதோடு எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள்.

அப்படி மறந்துபோன தொண்டை வலி, பல வருஷங்களுக்குப் பிறகு இருதய நோயாகத் திரும்பி வரக்கூடும். இதை நம் தாய்மார்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருதய நோய் என்றால் மாரடைப்பு ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். வால்வு நோய் வேறு. பம்ப் வீட்டில் தண்ணீர் ஏற்றும் குழாயில் ஒரு வால்வு இருக்கும். தண்ணீரை ஒரு பக்கமாகத்தான் விடும். திரும்பி வர விடாது. நம் இருதயத்திலும் இப்படி நான்கு வால்வுகள் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. வால்வு சுருங்கிப் போனால் ரத்தம் போக வழி போதாது. சரியாக மூடாவிட்டால் போன ரத்தம் திரும்பிக் கசியும். இரண்டிலும் இருதயம் கூடுதலாகப் பாடுபட்டுக் களைத்துப் போகிறது.

வால்வு கெடுவதற்குக் காரணங்கள் பல. சிலருக்குப் பிறவியிலேயே குறை இருக்கும். வயதானவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து படிந்து வால்வு கெட்டிப்படும். மாரடைப்புக்குப் பின் சிலருக்குக் கசிவு வரும். கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்காருவதும் உண்டு. ஆனால் சிறு பிள்ளைகளையும் இளம் வயதினரையும் பிடிக்கும் வால்வு நோய்க்கு முக்கியமான காரணம் ரூமாட்டிக் காய்ச்சல் என்கிற வாதக் காய்ச்சல்தான். அதற்கு மூலம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டை வலி.

எல்லாத் தொண்டை வலியும் ஆபத்தானதல்ல. சளி, இருமலோடு வருவது பெரும்பாலும் தானாகவே போய்விடும். திடீரென்று காய்ச்சல் வந்து, விழுங்க முடியாமல் வலித்து, தாடைக்குக் கீழே நெறி கட்டி, உள்நாக்குப் பக்கம் சிவந்து வெள்ளை படிந்திருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்தக் கிருமிக்குப் பெனிசிலின் நல்ல மருந்து. வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஆனால் 10 நாள் மாத்திரை கொடுத்தால் 10 நாளும் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாளே "நல்லாயிடுச்சு" என்று மிச்சத்தை அலமாரியில் வைப்பது பெருந்தவறு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து சாப்பிடாமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் காய்ச்சல் வரும். 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம். இன்று முழங்கால் வீங்கும், இரண்டு நாள் கழித்து அது வடிந்து கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. "எங்கேயாவது விழுந்திருப்பான்" என்று தைலம் தேய்த்துவிடுகிறோம். சில பிள்ளைகளுக்குக் கையும் முகமும் தன்னால் வெட்டி வெட்டி இழுக்கும், கையெழுத்துக் கெடும், கையில் உள்ள பொருள் கீழே விழும். வாத்தியார் அடங்காத பிள்ளை என்பார். பாட்டி காத்துக் கறுப்பு என்பார். இரண்டும் இல்லை; அது நோய். பூசாரிக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்.

மூட்டு வலி போய்விடும். வால்வில் விழுந்த வடு போகாது. வருஷக் கணக்கில் அது தடித்துச் சுருங்கும். பிறகுதான் அடையாளங்கள் தெரியும். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். முன்பு சுலபமாகத் தூக்கிய செம்பனைக் குலையைத் தூக்க முடியாது. நெஞ்சு படபடக்கும். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார வேண்டியிருக்கும். கால் வீங்கும், தலை சுற்றி மயக்கம் வரும், சிலருக்குச் சளியில் ரத்தம் வரும். இதையெல்லாம் "ரத்தம் கம்மி", "வேலைக் களைப்பு" என்று சொல்லி டானிக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கர்ப்பிணிப் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கர்ப்பக் காலத்தில் உடம்பில் ரத்தம் ஏறத்தாழ பாதி அளவு கூடுகிறது. அதுவரை வெளியே தெரியாத வால்வுச் சுருக்கம் அப்போது தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். சிறு வயதில் மூட்டு வீங்கிய காய்ச்சல் வந்திருந்தால், முதல் பரிசோதனையிலேயே மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள்.

வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போடச் சொல்வார்கள். வால்வு கெடாத பிள்ளைக்குக்கூட 21 வயது வரை போட வேண்டியிருக்கலாம். வால்வு கெட்டிருந்தால் அதற்கு மேலும் போகும். நம்மவர் தவறுவது இங்கேதான். "பையன் நல்லாத்தானே ஓடுறான், எதுக்குங்க ஊசி?" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு இன்னும் கெடும். ஊசியை நிறுத்துவது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு; நாம் எடுக்கக் கூடாது.

வால்வு கெட்டுவிட்டதே என்று மனம் உடையவும் வேண்டாம். சுருங்கிய வால்வைத் தொடை ரத்தக் குழாய் வழியாகப் பலூன் விட்டு விரிக்கிறார்கள். ஆபரேஷன் செய்து பழுது பார்க்கிறார்கள். மாற்று வால்வும் வைக்கிறார்கள். கோலாலம்பூரில் 1992-இல் தொடங்கிய தேசிய இருதய மருத்துவக் கழகம் இதற்குப் பேர் பெற்றது. ஆனால் உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட வேண்டும்; அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பத்து நாள் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் இப்படி ஆயுள் முழுவதும் தொடர்கிறது.

சம்பளம் போய்விடும் என்று மூச்சுத் திணறலை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலை செய்த வருஷத்தைப் பொறுத்து 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கிருமி இருமல், தும்மல் வழியாக நெருக்கமான வீடுகளில் சுலபமாகப் பரவுகிறது. ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் ஒரு பிள்ளையின் தொண்டை வலி ஒரு பிள்ளையோடு நிற்காது. குடியிருப்பும் மருத்துவ வசதியும் தர வேண்டிய கடமையை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிமார் மீது வைத்திருக்கிறது. ஊசி நாளில் கிளினிக்குக்குப் போக வண்டியும் நேரமும் கொடுப்பது பெரிய செலவல்ல. சங்கக் கிளைத் தலைவர்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

தாய்மார்களே, அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அடுத்த முறை பிள்ளை "தொண்டை வலிக்குதும்மா" என்றால், வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். பிள்ளையின் இருதயம் பிழைக்கட்டும்.