கை நீண்ட நாற்காலி

பழைய மரச்சாமான் விற்கிறவர்களுக்கு ஒரு தனிப் பாஷை உண்டு. "பர்மா தேக்கு. கையால செஞ்சது. ஆணியே கிடையாது. நல்ல கண்டிஷன்." காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் காது வலிக்கக் கேட்கலாம். கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே கிடக்கிற சாய்வு நாற்காலியை எடுத்துக்கொள்வோம். ஈசிசேர் என்றால்தான் நம் சனத்துக்குத் தெரியும். வேலைப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. சட்டத்தில் துளை போட்டு, அதற்கேற்ற கழுந்து சீவி இறக்கி, குறுக்கே மூங்கில் முளை அடித்திருக்கிறார் ஆசாரி. மண்டபம், பாம்பன் பக்கத்து உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறி வீங்கி மரத்தைப் பிளந்துவிடும். மரத்துக்குள் மரம் இறங்கின மூட்டு அசையாது. பிரம்பு நைந்துபோனால் மறுபடி பின்னிக்கொள்ளலாம்.

உடையும் பனையும் விளைகிற இந்தக் கரையில் தேக்கு ஏது? கப்பலில் வந்தது. வெட்டினவன் யார், இறக்கித் தோளில் சுமந்தவன் யார்? கடைக்காரரிடம் பதில் இல்லை. விலைச்சீட்டில் அதற்கு இடமும் இல்லை.

இப்போது அந்தக் கையைப் பாருங்கள். உட்காருகிற இடத்தைத் தாண்டி முன்னால் நீண்டு கிடக்கிறது. கை வைக்க இவ்வளவு நீளம் எதுக்கு? கால் தூக்கிப் போட. தோட்டத்துத் துரை பூட்ஸ் காலை நீட்டுவதற்கென்று உண்டான அமைப்பு. நம்மூர்ப் பண்ணையார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கூலி கேட்டு வாசலில் நிற்கிறவன் முகத்துக்கு நேராக ரெண்டு உள்ளங்கால். நின்றவன் நம்ம ஆளு. அவனையும் சேர்த்துத்தான் இந்த நாற்காலிக்கு அளவெடுத்திருக்கிறது. கை நுனியில் மரம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதே, அதைத் தடவிக் காட்டி, பழமையின் மெருகு என்கிறார்கள். அய்யா, அது குதிகால் போட்ட மெருகு.

இதே ராமநாதபுரம் ஜில்லாவில் 1930இல் ஆதிக்கச் சாதியினர் நம் சனத்துக்கு எட்டுத் தடை போட்டார்கள். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, குடை கூடாது, செருப்புக் கூடாது, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது, பொம்பளைங்க மேலுடம்பை மூடக் கூடாது. அடுத்த வருஷம் பட்டியல் பதினொன்றானது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலில் நாற்காலி இல்லை. பறை ஒலித்த தெருவிலிருந்து ஒருத்தன் வந்து உட்காருவான் என்று நினைத்திருந்தால்தானே தடை போட!

உட்கார்ந்தார் ஒருத்தர். 1957 செப்டம்பர் 10, முதுகுளத்தூர். கலெக்டர் கூட்டின சமாதானக் கூட்டம். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த இம்மானுவேல் சேகரன் அங்கே சரிசமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் ராத்திரி பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். வயசு முப்பத்திரண்டு. அவர் உட்கார்ந்த இருக்கை என்ன மரம், என்ன மூட்டு என்று எந்தப் பழம்பொருள் ரசிகனாவது தேடுவானா?

அதெல்லாம் பழைய கதை, அதுவும் உங்க ஜில்லாக் கதை என்று சொல்ல ஆள் இருக்கிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்காரவைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் நாடெல்லாம் பார்த்தது. 2022இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் விசாரித்தது. 22 இடங்களில் தலித் தலைவருக்கு உட்கார நாற்காலி கொடுக்கவில்லை. பர்மா தேக்கா கேட்டோம்? பிளாஸ்டிக் சேர், அய்யா.

தோழர்கள் யாராவது ரிசர்வ் பஞ்சாயத்து உள்ள ஊர் வழியாகப் போனால் ஆபீசுக்குள் எட்டிப் பாருங்கள். தலைவர் நாற்காலியில் யார் துண்டு கிடக்கிறது, தலைவர் எங்கே நிற்கிறார், பலகையில் அவர் பேர் எழுதியிருக்கா இல்லையா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஊர்ப் பேரோடு அச்சுப் போடுவோம்.