வீட்டுச் சிக்கனம்: யன்னலால் போகும் காசு

சுவிற்சர்லாந்தில் றைன் நதிக்கரையில் உள்ள சிறிய நகரம் ஷாப்ஹவுசன். 'சக்தி நகரம்' என்ற சான்றிதழை அந்நாட்டில் முதன்முதலாக, 1991இல், பெற்றது இந்நகரமே. கட்டடங்கள், மின்விநியோகம், குப்பை அகற்றல், போக்குவரத்து ஆகியவற்றில் நகரசபை சக்தியை எவ்வளவு சிக்கனமாகப் பாவிக்கிறது என்று சோதித்தே இதை வழங்குகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதனை நடக்கும்.

நகரசபை எவ்வளவு செய்தாலும் வீட்டு யன்னல் எங்கள் கையில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் அதை நாள் முழுவதும் சரித்துத் திறந்து வைக்காதீர்கள். ஹீற்றரைக் குறைத்துவிட்டு, ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். சமையல் ஆவி வெளியேறும். சுவரில் பூஞ்சணமும் பிடிக்காது. அறைச்சூட்டை ஒரு பாகை குறைத்தால் வெப்பச் செலவில் ஏறத்தாழ 6 வீதம் மிஞ்சும். ஆண்டு முடிவில் வரும் கணக்கைக் கட்டப்போவது நீங்கள்தானே!