பழைய வில்லையோ, புதிய வில்லையோ?

எம் கல்லூரி நிழற்படச் சங்கத்தார்க்கு இவ்வாண்டு ஒரு வழக்கு வந்துற்றது. முன்னாள் மாணவர் ஒருவர், தாம் இளமையிற் கையாண்ட ஹாஸல்பிளாட் காமிராவின் பெட்டியைச் சங்கத்திற்கு நன்கொடையாக அளித்தார். பெட்டி வந்தது, பெட்டிக்குக் கண் வரவில்லை. கண் என்பது லென்ஸ் எனப்படும் வில்லை. உறுப்பினர் சந்தாவாகச் சேர்ந்துள்ள பணத்தைக்கொண்டு 80 மில்லிமீட்டர் பிளானார் வில்லை ஒன்றைப் பிறர் கையாண்டதாகவே வாங்குவதென முடிவாயிற்று. ஒன்றுதான் வாங்கக்கூடும். அவ்வில்லையோ இரு வகையாகக் கிடைக்கின்றது. 1957ஆம் ஆண்டில் 500சி என்னும் காமிராவுடன் தோன்றிய 'சி' வகை ஒன்று. 1982 முதல் அதன் இடத்தைப் பெற்ற 'சி.எஃப்.' வகை மற்றொன்று. இவற்றுள் எதனைக் கொள்வது என்பதே வழக்கு. இதன்பொருட்டு மூன்று கூட்டங்கள் நடந்தும் முடிவு பிறக்கவில்லை.

யாம் தமிழ் பயில்வோராதலின் பழமையின் பக்கமே நிற்போம் என்று நண்பர் பலர் முன்னரே தீர்மானித்துவிட்டனர். உண்மையில் யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். கைப்பேசி இருக்க இத்தொல்லை எதற்கு என்று வினவும் அன்பர்க்கு இங்கு விடையில்லை. அவர்கள் இப்பக்கத்தைப் புரட்டி ஆங்கிலப் பகுதிக்குச் செல்லலாம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். புதிய வில்லையிற் கண்ணாடி உயர்ந்தது என்று சிலரும், பழைய கண்ணாடிக்கே தனி அழகு உண்டு என்று சிலரும் வாதாடினர். தொடக்க காலத்தன சிலவற்றை விடுத்தால், இரு வகையிலும் கண்ணாடியின் அமைப்பு ஒன்றே. ஏழு துண்டுகள் ஐந்து கூட்டங்களாக நிற்கின்றன. பிளானார் என்னும் குலமும் மிகப் பழையது. ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் என்பார் 1896இல் அதனை வகுத்தார். அவரே 1902இல் டெஸ்ஸாரையும் வகுத்தார். உலகம் டெஸ்ஸாரையே கொண்டாடிப் பிளானாரை நெடுநாள் ஒதுக்கிவைத்தது. காரணம் யாதெனின், காற்றைத் தொடும் கண்ணாடி முகம் ஒவ்வொன்றும் தன்மேற் படும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பிவிடும். ஐந்து கூட்டங்களுக்கு முகங்கள் பத்து. அவை பத்தையும் கடந்து வருமுன் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வழிதவறிப் போகும். போவதோடு நில்லாது, உள்ளேயே மோதித் திரிந்து படத்தின்மேல் மூடுபனிபோற் படியும். டெஸ்ஸாருக்கு முகங்கள் ஆறே.

இந்நோய்க்கு மருந்து கண்டவிதம் வியப்புடையது. ஆங்கில நாட்டு டென்னிஸ் டெய்லர் என்பார், நாட்பட்டு நிறம் மங்கிய வில்லைகள் புதியவற்றினும் மிகுதியாக ஒளியை உட்செலுத்துவதைப் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டறிந்தார். முதுமை கண்ணாடிக்கு நன்மை செய்தது! அந்நன்மையை முதுமை வருமுன்னரே அளிக்கும் மெல்லிய பூச்சினை 1935இல் ஸைஸ் நிறுவனத்து ஸ்மாகுலா அமைத்தார். அதன் பின்னரே பிளானார் தலையெடுத்தது. 1970களின் முற்பகுதியிற் பல அடுக்குப் பூச்சு வந்தது. அதனையுடைய வில்லைகளின் முகப்பில் 'டி' என்னும் எழுத்தும் ஓர் உடுக்குறியும் காணலாம். 'சி' வகையிற் பிந்தியனவற்றுக்கும் அப்பூச்சு உண்டு. ஆதலின், கண்ணாடியைக் காட்டிப் புதியதே வேண்டும் என்பார் கூற்று நில்லாது என்று யாம் இரண்டாங் கூட்டத்திற் பேசினோம், கைதட்டலும் பெற்றோம்.

நிற்க. சென்ற தை மாதத்தில் அன்பர் ஒருவரிடம் 'சி' வகை வில்லையை இரவலாகப் பெற்றுக்கொண்டு பழவேற்காட்டிற்குச் சென்றோம். எம்மூர் பொன்னேரி, அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த வழி. சில்காவுக்கு அடுத்து இந்நாட்டிற் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காட்டு ஏரியேயாகும். குப்பத்துப் பட்டினவர் அங்குப் பாடு என்னும் முறைப்படி இடமும் நாளும் வகுத்துக்கொண்டு வலையிடுவர். பாட்டிற் பங்கில்லாத இருளர் மகளிர் வலையின்றி, இடுப்பளவு நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பர். இரு கைகளும் நீருக்குள் இருத்தலின் இறால் இடும் ஓலைப் பறியைப் பல்லாற் கவ்விக்கொள்வர். அக்காட்சியைப் படமாக்கவே போயினோம்.

கதிரவன் அப்பொழுதுதான் எழுந்திருந்தான். ஒளியை அளந்து, ஒளித்துளை 5.6, ஷட்டர் ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கு என அமைத்தோம். நீரிலிருந்த அம்மையார்க்குப் பின்னே வலைக் கழிகளும் படகுகளும் வரிசையாக நின்றன. அவையும் தெளிவாக விழுதல் வேண்டும் என்று ஒளித்துளையை 16க்குத் திருப்பினோம். பழைய வில்லையில் ஒளித்துளை வளையமும் ஷட்டர் வளையமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சிறு நெம்பை அழுத்தினாலன்றிப் பிரியா. ஒன்றைத் திருப்ப மற்றதும் உடன் திரும்பி, 15இல் ஒரு பங்கில் வந்து நின்றது. அதனை யாம் நோக்கவில்லை. அவ்வேகத்திற் கைந்நடுக்கமும் பதியும். அசையும் மாந்தர் உருவும் கலையும். சுருளிற் பன்னிரண்டு படங்களில் ஒன்பது பழுது. பறி ஒரு நிழலாகவும் முகம் ஒரு புகையாகவும் விழுந்துள்ளன. பிழை வில்லையினதன்று, எம்முடையதே.

அப்பிணைப்பு வேண்டுமென்றே அமைத்த நல்ல ஏற்பாடு என்பதனையும் கூறவேண்டும். ஒளியின் அளவு ஒருகாலும் மாறாதபடி காப்பது அது. அவ்வில்லையோடு ஓராண்டு பழகியவர் கை, தானே அந்நெம்பைத் தேடிச் செல்லும். சி.எஃப். வகையிலோ முறை தலைகீழ். வளையங்கள் தனித்தனியே திரியும், பிணைக்க விரும்பினால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும்.

இவ்விடத்து மா. கிருஷ்ணனை நினையாதிருக்க இயலவில்லை. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் இளைய மகனார் அவர். 1912இற் பிறந்து 1996இல் மறைந்தார். வேறு வேறு காமிராக்களின் உறுப்புக்களைத் தாமே ஒன்றுகூட்டி அமைத்த கருவியைக்கொண்டு யானைகளையும் புள்ளினங்களையும் கருப்பு வெள்ளையிற் படமெடுத்தார். அக்கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று நகையாகப் பெயரும் இட்டிருந்தார். அதன் குற்றமும் குணமும் அவர் ஒருவர்க்கே தெரியும், அஃதே போதுமாயிருந்தது. பழைய கருவியைப் போற்றுவோர் பெரும்பாலும் இத்தகையோரையே சான்று காட்டுவர். யாமும் காட்டினோம். ஆயின் அக்கருவி பலர் கைமாறவில்லை என்பதை மறந்துவிட்டோம்.

எம் சங்கத்தில் உறுப்பினர் இருபத்துமூவர். வில்லை வாரந்தோறும் கைமாறும். பழைய வில்லையின் பக்கத்தில் எம், எக்ஸ், வி என மூன்று நிலையுள்ள சிறு நெம்பு ஒன்று உளது. 'வி' என்பது எடுப்போர் தாமும் படத்தில் நிற்கும்பொருட்டு ஷட்டரைத் தாழ்த்தி இயக்கும் பொறி. மூத்துப்போன வில்லையில் அப்பொறி இடையிற் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆதலால் அதனைத் தொடற்க என்று பழகியோர் எச்சரிப்பர். முதலாண்டு மாணாக்கரிடம் ஒரு நெம்பைக் காட்டித் 'தொடாதே' என்றால் நிகழ்வது யாது? சி.எஃப். வகையில் அந்நெம்பே இல்லை.

இன்னும் ஒன்று. பழைய வில்லையுள் இருப்பது காம்பூர் ஷட்டர். அதற்குரிய உறுப்புக்கள் செய்யப்படுவது நின்று நெடுங்காலமாயிற்று. புதியதில் இருப்பது ப்ரான்டார். அதனையும் முதுமை விடாது. அக்காமிராக் குடும்பமே 2013இல் உற்பத்தி நின்றது. எனினும் சுருள்வில்லுக்கு இருபத்தைந்தாண்டு இளமை என்பது சிறிதன்று, அதிலும் உப்புக்காற்றிற் கொண்டு திரிவார்க்கு.

பொருளாளர் நண்பர் கூறுவது வேறு. பழையது விலை குறைவு. மிஞ்சும் பணத்திற் சுருள்கள் வாங்கலாம், சுருள் ஒன்றுக்குப் படம் பன்னிரண்டே அன்றோ என்கின்றார். நியாயமே. யாம் தனித்து வாங்குவதாயின் அவர் சொற்படி 'டி' எழுத்துடைய பழையதையே கொள்வோம். நெம்பின் இடமும் இப்பொழுது விரலுக்குத் தெரியும். சங்கத்திற்கு அது தகாது. ஒவ்வோர் ஆண்டும் புதிய கைகள் வரும். ஒவ்வொரு கையும் எம்மைப்போல் ஒரு சுருளை ஏரியிற் கரைத்தபின்னரே கற்கும். அச்செலவைக் கணக்கிட்டால் மலிவு எது என்பது ஐயமாகும். ஆதலின் எம் வாக்கு சி.எஃப். வகைக்கே. கைதட்டியவர்கள் பொறுத்தருள்க.

அன்று படமெடுத்து முடிந்தபின் அவ்வம்மையார் கரையேறி வந்து, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "படம் வந்தா எனக்கு ஒண்ணு குடு தம்பி. எடுத்துக்கினு போறவங்க யாரும் திரும்பி வரல" என்றார். கொடுப்பதாகச் சொல்லி வந்தோம். பழுதுபடாத மூன்றனுள் அவர் முகம் தெரிவது ஒன்றேனும் இல்லை.

நான்காங் கூட்டம் எவ்வில்லையை முடிவு செய்யினும், முதற்சுருளை எமக்குத் தருமாறு செயலாளரிடம் எழுதிக் கொடுத்துள்ளோம்.