மூணாம் நம்பர் கூண்டும் ஒரு விமானியும்

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு சென்னை விமான நிலையத்துல எடுத்த வீடியோவை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஓடுதளத்தைத் தொடப் போற நேரத்துல காத்துல தள்ளாடுது. விமானி சட்டுன்னு மறுபடி மேலே தூக்கிட்டுப் போயிடறார். பார்த்தவுடனே 'ஐயோ, இறக்க முடியலையே'ன்னுதான் தோணும். என் கட்சி வேற. அவர் செஞ்சதிலேயே உருப்படியான காரியம், இறக்காம விட்டதுதான். இதுக்குப் பேரு கோ-அரவுண்ட்.

2009 மார்ச் 23 அன்று டோக்கியோ நரிட்டாவில் ஒரு ஃபெடெக்ஸ் சரக்கு விமானம், விட்டு விட்டு அடிச்ச பலத்த காத்துல இறங்கியது. தரையில மோதித் துள்ளி, மறுபடி துள்ளி, கவிழ்ந்து எரிஞ்சது. விமானிகள் இருவருமே இறந்துட்டாங்க.

பெரிய விமானத்துக்கே இந்தக் கதின்னா, குட்டி விமானம்? செஸ்னா 172 முழு எடையோட சுமார் 1,100 கிலோ, நம்மூர் கார் அளவுதான். இறங்க வரும் வேகம் ஏறக்குறைய 65 நாட், அதாவது மணிக்கு 120 கி.மீ. எதிர்க்காத்து திடீர்னு 15 நாட் குறைஞ்சா, இறக்கை உணரும் வேகம் 50 நாட் ஆயிடும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால அது 40 சதவீதம் காலி! தரை பக்கத்துல இருக்கும்போது இது நடந்தா, சுதாரிக்க நேரமே கிடையாது.

எங்க கடலூர் மாவட்டத்துல நெய்வேலியில ஒரு ஓடுதளம் இருக்கு. உடான் திட்டத்துல அதோட பேரும் வந்தது. ஒருநாள் அங்கே சின்ன விமானம் வந்து, காத்து சரியில்லைன்னு இறங்காமலே சென்னைக்குத் திரும்பினா, 'காசு கொடுத்தோம்ல?'ன்னு சண்டைக்குப் போறது நாமதான். 2011-ல தானே, 2024-ல ஃபெஞ்சல்னு அடி வாங்கின கடற்கரை இது.

கடலூர் துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்தினா, தேவனாம்பட்டினத்துலேர்ந்து சிதம்பரம் பக்கத்து முடசலோடை வரைக்கும் படகை மேலே இழுத்துக் கட்டிடுவாங்க. அன்னைக்கு வருமானம் போச்சு, அடுப்பெரியறதே கஷ்டம். ஆனாலும் அவங்களை யாரும் பயந்தாங்கொள்ளின்னு சொல்றதில்லை. விமானிக்கு மட்டும் ஏன் வேற நியாயம்?

ஆட்டி ஆட்டி இறக்கினவருக்குக் கை தட்டுறோம். இறக்காம மேலே போனவருக்கும் தட்டுவோம்ங்க. நீங்க என்ன சொல்றீங்க?