காற்றாலை மழையை விரட்டுகிறதா?

உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் குடிமங்கலத்தைக் கடக்கும்போது, இருபுறமும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை காற்றாலைகள் நிற்பதைக் காணலாம். ஆடி மாதத்தில் அவை ஓய்வின்றிச் சுழலும். மேற்கிலிருந்து கிளம்பிய மேகங்கள் அவற்றின் தலைக்கு மேலே கிழக்கு நோக்கி விரையும். ஒரு துளியும் விழாது. அச்சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காத்தாடிக வந்ததுக்கு அப்புறந்தானுங்க மழையே இல்லாமப் போச்சு. வர்ற மேகத்தையெல்லாம் தள்ளி உட்டுருதுங்க." அருகிலிருந்த இளைஞர் ஒருவர் சிரித்தார். பெரியவர் அதன்பின் பேசவில்லை.

அந்தச் சிரிப்புடன் முடிந்துபோன உரையாடலைத் தொடர வேண்டிய தேவை இப்போது எழுந்துள்ளது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும், அவற்றை அகற்றிவிட்டுத் திறன் மிக்க புதியவற்றை நிறுவவும் வழிவகுக்கும் கொள்கையைத் தமிழக அரசு 2024-ஆம் ஆண்டு வெளியிட்டது. மாநிலத்தின் காற்றாலை மின் உற்பத்தித் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. தொண்ணூறுகளில் நடப்பட்ட சிறிய காற்றாலைகளின் இடத்தில், அவற்றைப்போல் இரு மடங்குக்கும் மேல் உயரமுள்ளவை வரப்போகின்றன. அப்போது அதே கேள்வி இன்னும் உரத்த குரலில் எழும். இது உடுமலைக்கு மட்டும் உரிய கேள்வியும் அன்று. மகாராஷ்டிரத்தின் சாங்லி, சதாரா மாவட்டங்களிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வறட்சி நிலவியபோது இதே புகாரை விவசாயிகள் எழுப்பினர்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவர் கண்ணால் கண்டது பொய்யன்று. காற்றாலை வேகமாகச் சுழலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் உடுமலையின் கிழக்குப் பகுதியிலும் குடிமங்கலம், பல்லடம் பகுதிகளிலும் மழை குறைவு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றாலைகள் பெரும்பாலும் அசைவற்று நிற்கின்றன. காற்றாலை சுற்றினால் மழையில்லை, நின்றால் மழை என்ற தொடர்பு ஆண்டுதோறும் கண்முன் நிகழ்வது. பிழை, அத்தொடர்புக்கு அவர் கற்பித்த காரணத்தில் இருக்கிறது.

உண்மைக் காரணம் மேற்கே மலையாக நிற்கிறது. ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்தால்தான் அதிலுள்ள நீராவி துளிகளாகி மழை பெய்யும். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை ஆனைமலைத் தொடர் மேலே ஏற்றுகிறது. அதனால்தான் வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழகத்தின் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாக விளங்குகிறது. மலையின் மறுபுறம் இறங்கும் காற்று வெப்பமடைந்து உலர்ந்துவிடுகிறது. அந்த மழை மறைவுப் பகுதியில்தான் உடுமலை வட்டாரம் உள்ளது. வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயோ, பருவக்காற்றை மேலே ஏற்றாமல் தாழ்வாகவும் விரைவாகவும் உள்ளே அனுப்புகிறது. பொள்ளாச்சிக்குச் சாரல் கிடைக்கிறது. கிழக்கே போகப் போக வெறுங்காற்றுதான் மிஞ்சுகிறது.

ஆகவே, மழை குறைவாகவும் காற்று மிகுதியாகவும் இருக்கும் இடம் என்பதால்தான் காற்றாலைகள் இங்கே வந்தன. தமிழகத்தில் காற்றாலைப் பண்ணைகள் தோன்றியது 1986 முதல்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி அதற்குப் பல தலைமுறை முந்தியது. ஆடி காற்றின் மாதம் என்பதை நம் பாட்டன்மார் அறிந்தே இருந்தார்கள்.

அடுத்து, காற்றாலை மேகத்தைத் தள்ளுகிறது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு மின்விசிறியின் தோற்றத்திலிருந்துதான். இரண்டுக்கும் இறக்கைகள் உண்டு, இரண்டும் சுழல்கின்றன. ஆனால் மின்விசிறி மின்சாரத்தைச் செலவழித்துக் காற்றைத் தள்ளுகிறது. காற்றாலையைக் காற்று தள்ளுகிறது. அந்தச் சுழற்சியிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. காற்றாலையைக் கடந்து செல்லும் காற்று முன்னைவிட மெதுவாகச் செல்லுமே தவிர விரைந்து செல்லாது. கடந்து செல்லும் காற்றின் ஆற்றலில் 59 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார். நடைமுறையில் கிடைப்பது அதனினும் குறைவு. வேகத்தை எடுத்துக்கொள்ளும் கருவி, மேகத்தை விரட்டும் கருவியாக இருக்க இயலாது.

அளவையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். 80 மீட்டர் விட்டமுள்ள இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர மீட்டர். கணவாயின் 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம்வரை மட்டும் காற்று வருவதாகக் கொண்டாலும், அந்த வாயிலின் பரப்பு நான்கரைக் கோடி சதுர மீட்டர். ஒரு காற்றாலை தொடுவது அதில் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கை. ஆயிரம் காற்றாலைகளை ஒன்றையொன்று மறைக்காதபடி அந்த வாயிலில் நிறுத்தினாலும் ஒன்பதில் எட்டுப் பங்கு காற்று அவற்றைத் தீண்டாமலே செல்லும். தீண்டிய ஒரு பங்கும் தன் வேகத்தில் ஒரு பகுதியை இழக்குமேயன்றி, ஈரத்தை இழப்பதில்லை. மழை மேகத்தின் அடித்தளம் பொதுவாக ஒரு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி அமைகிறது. கோடை இடிமேகத்தின் உச்சியோ பத்துக் கிலோமீட்டரையும் தாண்டும். புதிய காற்றாலையின் இறக்கை நுனிகூட 200 மீட்டரை ஒட்டித்தான் எட்டும்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஆண்டுகளைப் பார்க்கலாம். 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட மிகுந்து சென்னையை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே அதே பருவமழை மாநில அளவில் 62 விழுக்காடு குறைந்து கடும் வறட்சியைத் தந்தது. இரண்டு ஆண்டுகளிலும் அதே காற்றாலைகள் அதே இடங்களில்தான் நின்றன. 2016-இல் காற்றாலையே இல்லாத காவிரிப் படுகையும் காய்ந்தது. கொங்கு நாட்டின் நினைவில் இன்றும் நிற்கும் தாது வருடப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. அன்று இங்கே எந்தக் காற்றாலையும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, காற்றாலையால் சுற்றுச்சூழலில் எந்த மாற்றமும் ஏற்படாது என்று முடித்துவிட்டால் அதுவும் பிழையே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் காற்றாலைப் பண்ணைகளைச் செயற்கைக்கோள் தரவுகள் கொண்டு ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, அப்பகுதிகளில் இரவு நேரத் தரை வெப்பநிலை சிறிதளவு உயர்வதைக் காட்டியது. இறக்கைகள் மேலடுக்கின் வெதுவெதுப்பான காற்றைத் தரையருகே கலந்துவிடுவதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. சகாரா பாலைவனம் முழுவதையும் காற்றாலைகளாலும் சூரியத் தகடுகளாலும் நிரப்பினால் என்ன ஆகும் என்று கணினி மாதிரி மூலம் கணக்கிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வோ, அங்கே மழை அதிகரிக்கும் என்ற முடிவுக்கு வந்தது. காற்று வேகம் குறைந்து ஓரிடத்தில் குவியும்போது மேலெழுகிறது என்பது அதன் விளக்கத்தில் ஒரு பகுதி. கற்பனைக்கும் எட்டாத அந்தப் பெரும்பரப்பில்கூட விளைவு நம்மவர் அஞ்சுவதற்கு நேர்மாறாக இருந்தது. காற்றாலைக்கும் வானிலைக்கும் தொடர்பு உண்டா என்பது உலகின் தேர்ந்த ஆய்வாளர்கள் எழுப்பும் கேள்விதான். தேநீர்க் கடையில் எழும்போது மட்டும் அது அறியாமை ஆகிவிடுமா?

ஐயத்துக்குரிய அறிவியல் கூற்றுகள் நமக்குப் புதியவை அல்ல. ராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையைக் கொண்டு தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாக 1996-இல் அறிவித்தபோது நாடே வியந்தது. உள்ளீடற்ற கலக்கும் கோலுக்குள் எரிபொருள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது அறிவியலாளர்களின் சோதனையில் தெரியவந்தது. பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்ற பெயரில் விற்ற வழக்கில் 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதை நம்பியவர்களில் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் அடக்கம் என்பதை மறந்துவிடலாகாது.

மூலிகைப் பெட்ரோலையும் மழையை விரட்டும் காற்றாலையையும் மூடநம்பிக்கை என்று ஒரே மூட்டையில் கட்டுவது எளிது; அது நியாயமும் அன்று. முன்னதில் ஒருவர் விற்கிறார், பலர் ஏமாறுகிறார்கள். அங்கே ஐயமும் கண்காணிப்பும் வேண்டும். பாத்திரத்தையும் கோலையும் நம் கையில் வாங்கிச் சோதிக்க வேண்டும். பின்னதைச் சொல்லும் விவசாயிக்கு விற்பதற்கு எதுவுமில்லை. அவரிடம் இருப்பது ஓர் இழப்பு. அதற்கு அவர் தேடிய விளக்கம் தவறாக இருக்கலாம், இழப்பு தவறன்று. ஒரு கூற்றைச் சோதிக்கும் முன் அதைச் சொல்பவர் எதைப் பெறுகிறார், எதை இழந்தார் என்று கேட்பதும் அறிவியல் மனப்பான்மையின் ஒரு பகுதியே.

அந்த இழப்பு என்ன? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை கிடைத்த விலைக்கு நிலத்தின் ஒரு துண்டு கைமாறியது. இறக்கைகளை ஏற்றி வரும் நீண்ட வாகனங்களுக்காகத் தோட்டங்களின் ஊடே தடங்கள் போடப்பட்டன. உயர் அழுத்தக் கம்பிகள் வயல்களின் மேல் சென்றன. அவற்றின் கீழே தென்னை வைக்க முடியாது. காற்றாலைகளில் பல ஆலைகளுக்கும் பின்னலாடை நிறுவனங்களுக்கும் சொந்தமானவை. அவற்றின் மின்சாரம் கம்பி வழியே அந்த நிறுவனங்களின் கணக்கில் வரவாகிறது. அது திருப்பூரின் பல்லாயிரம் பேருக்கு வேலை தரும் தொழிலைத் தாங்குகிறது என்பதும் உண்மை. ஆயினும் தன் ஊர்க் காற்று யாருக்கோ பணமாக மாறுவதை நாள்தோறும் பார்த்திருப்பவரிடம், அந்தப் பணத்தில் ஊருக்கு என்ன பங்கு என்று எவரும் பேசவில்லை. பங்கு பற்றிய அந்தக் கேள்வி கேட்கப்படாதபோது, மழை பற்றிய குற்றச்சாட்டாக அது உருமாறுகிறது. நாம் மழைக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தால் பாதிக் கேள்வி அப்படியே நிற்கும்.

தவறான விளக்கம் விவசாயிக்கும் கேடு செய்கிறது. கிணறுகள் வற்றியதற்குக் காற்றாலையே காரணம் என்று நம்பிவிட்டால், கட்டுப்பாடின்றித் தோண்டப்படும் ஆழ்துளைக் கிணறுகளும், தூர்ந்துபோன குளங்களும், ஆண்டு முழுவதும் நீர் கேட்கும் தென்னைப் பரப்பின் விரிவும் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றன. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து நீர் விடும் நிலையில், தன் முறை வரும்வரை நிலத்தடி நீரை எப்படிக் காப்பது என்பதே ஊர் கூடிப் பேச வேண்டிய பொருள். குற்றவாளியை வானத்தில் தேடும்வரை அந்தப் பேச்சு தொடங்காது.

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டங்களில் மழைமானிப் பதிவுகள் உள்ளன. காற்றாலைகள் வருவதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளையும் பிந்தைய முப்பது ஆண்டுகளையும், காற்றாலை இல்லாத அண்டை வட்டங்களோடு ஒப்பிட்டு, ஒரு பக்க அளவில் எளிய தமிழில் வெளியிடலாம். சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனமும், கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவற்றின் அறிஞர்கள் கிராம சபையில் வந்து அமர்ந்து, கேள்விகளைக் கேட்டு, பதிவேட்டை விரித்துக் காட்ட வேண்டும். பள்ளி மாணவர்களிடம் மழைமானியைக் கொடுத்து அவர்களே அளந்து எழுதச் செய்யலாம். புதிய காற்றாலைகளுக்கு அனுமதி தருமுன் தடம், கம்பி, ஓடை, ஊராட்சி வருவாய் ஆகியவை குறித்து ஊர் மக்களிடம் வெளிப்படையாகப் பேசுவதும் அதனோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவு கூறுகிறது. அதே பிரிவில் மனிதநேயமும் கேட்டறியும் ஆர்வமும் உடன் வைக்கப்பட்டுள்ளன. குடிமங்கலத்துத் தேநீர்க் கடையில் அன்று கேட்டறியும் ஆர்வத்தைக் காட்டியவர் அந்தப் பெரியவர்தான். அவருடைய விடை தவறு. அதை அவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் பொறுப்பு, சிரித்தவர்களுக்கும் சும்மா இருந்த நமக்கும் இருக்கிறது.